கட்டெறும்பின் காளைகள்

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவள் ஓரகத்திதான். கல்யாணமாகி வந்த முதல் வாரமே, "ஆளைப் பாரு, கறுப்பா, குட்டையா, கட்டெறும்பு மாதிரி" என்று வீடே கேட்கச் சிரித்தாள். கட்டெறும்பு கடிக்கும் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அவள் புருஷன் வீட்டுக்கு இளையவன். பாகம் பிரித்தபோது கிணறும் நல்ல மண்ணும் உழவு மாடும் மூத்தவருக்குப் போயின. இளையவனுக்கு மேட்டில் ஒரு துண்டு நிலம். அதில் மண்ணைவிடக் கல்லே அதிகம். அங்கே விளையும் சோளம் அவர்களும் மூன்று பெண் பிள்ளைகளும் சாப்பிடத்தான். பாதி வருஷங்களில் அதற்கும் போதாது.

கல்லை மட்டும் குறை சொல்ல முடியாது. முதல் மழை விழுந்த ஈரத்தில் விதைத்தால்தான் அந்த மேட்டில் கதிர் பிடிக்கும். மாடோ மூத்தவருடையது. அவர் நிலம் முழுக்க உழுது முடித்த பிறகுதான் மேட்டுக்கு ஏறும். ஏறுவதற்குள் மண் வறண்டு கட்டி தட்டிவிடும். அப்படிக் கடைசியாகக் கிடைக்கும் மாட்டுக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் அவர் வயலில் விதைப்பு, களையெடுப்பு, அறுவடை எல்லாவற்றுக்கும் கூலியில்லாமல் நின்றார்கள். அதை வேலை என்று யாரும் சொன்னதில்லை. ஒத்தாசை என்றார்கள்.

ஒரு கோடையில் ஏதோ ஒரு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து வீடு வீடாகக் கூரையைப் பார்த்தார்கள். புல் வேய்ந்த வீடென்றால் பணம் உண்டு, தகரம் போட்ட வீடென்றால் இல்லை. பணத்தைத் திருப்பித் தர வேண்டாம், எதற்குச் செலவழித்தோம் என்று சொல்லவும் வேண்டாம். ஊரில் முக்கால்வாசிப் பேர் இதை நம்பவில்லை. கட்டெறும்பும் நம்பவில்லை, போனில் பணம் வந்து விழும் வரைக்கும்.

மறுநாள் காலையிலேயே மூத்தவர் வந்துவிட்டார். தம்பியைப் பார்த்துத்தான் பேசினார்.

"குடும்பத்துக்கு வந்த பணம்டா இது. நம்ம கிணத்த ஆழப்படுத்திடலாம். தண்ணி வந்தா உனக்கும்தானே?"

தம்பி தலையாட்டத் தொடங்கியிருந்தான். அடுப்படியிலிருந்து அவள் சொன்னாள்: "கிணறு உங்களோடது மாமா. பணம் என் போன்ல இருக்கு."

"உன்கிட்ட யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான் நானே சொல்றேன்."

அந்த வாரச் சந்தையில் அவள் இரண்டு காளைகள் வாங்கினாள். ஒன்றுக்குக் கொம்பு கோணல், மற்றது கொஞ்சம் சோம்பேறி. வயதாகாத மாடுகள் என்று பல்லைப் பிடித்துப் பார்த்து அவளே பேரம் பேசினாள். கூடவே ஒரு கலப்பையும் வாங்கினாள். ஓட்டிக்கொண்டு வரும்போது வழிநெடுக முணுமுணுப்பு. பணம் கிடைக்காத வீட்டுக்காரர்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். கடைக்காரன் மட்டும் சத்தமாகவே சொன்னான்: "பணக்காரம்மாவுக்கு வழி விடுங்கப்பா." இத்தனை நாள் இல்லாதவள் என்று உப்புக்கூடக் கடன் தராதவன் அவன்தான்.

மூத்தவருக்கு வயிறு எரிந்தது. அடுத்த முறை கணக்கெடுக்க வருவார்கள் என்று எவனோ சொல்லிவிட, நன்றாக இருந்த தகரத்தையெல்லாம் பிரித்து விற்றுவிட்டு அவசர அவசரமாகப் புல் வேய்ந்தார். எவரும் வரவில்லை. மழைதான் வந்தது. அரைகுறையாக வேய்ந்த கூரை இடத்துக்கு இடம் ஒழுகி, விதைக்கு வைத்திருந்த தானியத்தில் பாதி மூட்டையிலேயே முளைவிட்டது. "அவளாலதான் இந்த வீடு நாசமாச்சு" என்று ஓரகத்தி வாசலில் நின்று கத்தினாள். பெய்த மழைக்கும் கட்டெறும்புதான் பொறுப்பு.

அது அவள் காத்திருந்த மழை. விடிந்ததும் விதைக் கூடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். காளைகள் இல்லை. புருஷனும் இல்லை, கலப்பையும் இல்லை. எங்கே என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே மூத்தவரின் வயலுக்கு நடந்தாள்.

அங்கே இரண்டு ஏர் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றில் மூத்தவரின் மாடு, இன்னொன்றில் அவளுடைய காளைகள். பின்னால் மேழியைப் பிடித்துக்கொண்டு அவள் புருஷன்.

"அண்ணன் கூப்பிட்டாரு. ரெண்டு ஏர்னா சீக்கிரம் முடிஞ்சிடும், அப்புறம் நம்ம மேட்டுக்கு..." அவன் முடிப்பதற்குள் அவள் காளைகளுக்கு முன்னால் போய் நின்றாள். கோணல் கொம்பன் அவள் தோளில் மூச்சுவிட்டது.

"ஏய், தள்ளு!" மூத்தவர் பக்கத்து ஏரை விட்டுவிட்டு வந்தார். "பொம்பள வந்து ஏர நிறுத்துறதா?"

"என் மாடு. நான் நிறுத்துறேன்."

அவர் கோலை ஓங்கினார். அவளை அடிக்கத் துணியவில்லை. காளையின் முகத்தில் அடித்தார். அது கண்ணை மூடிக்கொண்டு பின்வாங்கியது. இரண்டாம் அடிக்கு ஓங்கியபோது கோல் அவள் கையில் இருந்தது. முறிக்கவுமில்லை, திருப்பி அடிக்கவுமில்லை. சேற்றில் வீசி எறிந்தாள்.

"இன்னொரு தடவ என் மாட்டு மேல கை வெச்சுப் பாருங்க."

வரப்பில் அக்கம்பக்கத்தார் கூடி நின்றார்கள். யார் பக்கம் சாய்வது என்று அவர்களுக்கு இன்னும் முடிவாகவில்லை. அவள் புருஷனைப் பார்த்தாள்.

"வர்றீங்களா?"

அவன் அண்ணனைப் பார்த்தான், காளையைப் பார்த்தான், கடைசியில் தன் காலைப் பார்த்தான். அவள் கலப்பையைக் கழற்றித் தலைகீழாக நுகத்தில் மாட்டி, தானே ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனாள்.

உழவு அவளுக்குப் பழக்கமில்லை. கலப்பை கல்லில் பட்டு, மேழி எகிறி விலாவில் இடித்தது. சோம்பேறிக் காளை நின்ற இடத்தில் நின்றது. கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். வெயில் உச்சிக்கு வந்தபோது பின்னாலிருந்து ஒரு கை மேழியைப் பிடுங்கியது.

"சால் கோணலா போகுது," என்றான் புருஷன். அவன் உழ, அவள் விதைத்தாள். ஈரம் காயும் முன் முடிந்தது.

மூத்தவர் தன் வயலோரம் போகும் வண்டிப்பாதையை முள் வெட்டிப் போட்டு அடைத்தார். காளைகளை ஓடை வழியாகச் சுற்றி ஓட்ட வேண்டியதாயிற்று. அவள் பொய் சொல்லிப் பணம் வாங்கியதாக ஊரெல்லாம் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அவர் மகள் இவள் பெண்களை "பிச்சைக்காசு" என்று கூப்பிட்டாள். இவளுடைய மூத்த பெண் அந்த மகளின் முடியைப் பிடித்து உலுக்கிவிட்டு வந்தாள். கட்டெறும்பு கண்டிக்கவில்லை.

அந்த வருஷம் மேட்டில் கதிர் நிறைந்து நின்றது. அறுவடைக்கு முன் ஓரகத்தி வந்து வாசலிலேயே நின்றாள்.

"எங்க வயல் முத்தி உதிருது. ரெண்டு பேரும் ஒத்தாசைக்கு வாங்க."

"கூலி எவ்வளவுக்கா?"

ஓரகத்தி காறித் துப்பிவிட்டுப் போனாள். மூத்தவர் வெளியாட்களைப் பிடித்துக் கூலி கொடுத்து அறுத்தார்.

அன்று மாலை புருஷன் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னான்:

"உன் மாட்டால எனக்கு அண்ணன் இல்லாம போயிட்டாரு."

"உங்களுக்கு அண்ணன் அங்கேயேதான் இருக்காரு. அவருக்குத்தான் ரெண்டு ஆளு இல்லாம போச்சு."

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய் கொட்டகையில் படுத்துக்கொண்டான். அவள் சமாதானம் சொல்லப் போகவில்லை. பிள்ளைகளுக்கு வயிறு நிறையப் போட்டாள். கேட்டவளுக்கு மறுபடியும் போட்டாள். காலையில் இருவரும் மேட்டில் ஆளுக்கொரு பக்கமாக நின்று கதிரை அறுக்கத் தொடங்கினார்கள்.