ஆசிரியர் அறையில் ஓடிய படம்

செல்போனில் கேமரா வந்த புதிது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை நோணாங்குப்பத்துக்குப் படகு சவாரிக்கு அழைத்துப் போயிருந்தோம். படகு ஆடியதில் ஒரு பெண் தன் சுடிதார் மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள். வகுப்பாசிரியை என்கிற முறையில் நான்தான் கைக்குட்டையை நனைத்து அவள் வாயைத் துடைத்துவிட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு மாணவன் அதையெல்லாம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

இரண்டே நாளில் அந்தப் படம் ஒரு குத்துப்பாட்டோடு வகுப்பு முழுக்கப் புளூடூத்தில் பரவிவிட்டது. அவள் நடந்து போனால் பின்னாலிருந்து ஓங்கரிக்கும் சத்தம் வரும். விஷயம் காதுக்கு வந்ததும் அந்தப் போனைப் பிடுங்கி, விசாரிக்க வேண்டும் என்று சொல்லி ஆசிரியர் அறை மேஜையில் வைத்தேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் உள்ளே போனபோது நாலு தலைகள் அந்தப் போன் மேல் கவிழ்ந்திருந்தன. டிபன் டப்பாக்கள் திறந்தபடி கிடந்தன.

"இன்னொரு தபா போடுங்க சார்."

"டீச்சர், வாங்க, நீங்களும் இருக்கீங்க இதுல!"

எட்டிப் பார்த்தேன். பாட்டின் தாளத்துக்குச் சரியாக அவள் கண்கள் மேலே செருகின. சிரித்துவிட்டேன். அடுத்த நொடி, கைக்குட்டையோடு என் கை படத்துக்குள் வந்தது. அப்போதும் போனை அவர்கள் கையிலேயே விட்டுவிட்டு வெளியே போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. ஒரு வாரம் கழித்து ரெட்டியார்பாளையத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு அவள் அப்பா வாட்ச்மேன் வேலை பார்த்துவந்தார். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"ஸ்கூலுன்னாலே அழுவுது டீச்சர். இன்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது."

அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போனதும் அவள் கேட்டாள்.

"மிஸ், நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சிரிச்சீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சிரிச்சேன். தப்பு பண்ணிட்டேன்மா."

"பசங்க பண்ணதக்கூட தாங்கிக்கினேன் மிஸ். கணக்கு சார் கிளாஸ்ல எல்லார் எதிர்லயும், 'என்னம்மா, படகு சவாரி போலாமா'ன்னு கேட்டாரு."

மறுநாள் ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோருடைய போனையும் எடுக்கச் சொன்னேன். இரண்டு பேர் அதைத் தங்கள் போனில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஒருவர் கணக்கு ஆசிரியர்.

"தமாஷுக்குக் கேட்டேன் டீச்சர். இதப்போயி பெருசு பண்றீங்களே."

"உங்க பொண்ணா இருந்தா இத வெச்சிருப்பீங்களா சார்? என் கண்ணெதிர்ல அழிங்க."

அழித்தார். மன்னிப்பு மட்டும் கேட்கவே இல்லை. தலைமையாசிரியையிடம் எழுதிக் கொடுத்தேன்; வாங்கி மடித்து வைத்துக்கொண்டதோடு சரி. நானும் சிரித்ததை வகுப்பில் சொல்லி, அது கேவலம் என்றும் சொன்னேன். ஒவ்வொருவராக வந்து என் முன்னால் அழித்தார்கள். படம் எடுத்தவன் தன் அம்மாவோடு அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டான். அவனுக்கிருந்த வெட்கம்கூட எங்களில் பலருக்கு இல்லை.

பதினைந்து நாளில் அவள் திரும்பி வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை படித்தாள், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். ஆனால் அந்த ஒன்றரை வருடமும் பள்ளியில் யார் எதிரிலும் அவள் ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.