ஐஸில் போன சதை

அக்காவின் நுரையீரலில் கட்டி. முதல் முறை ஊசியால் எடுத்த சதை, அது புற்றுநோய்தானா என்று பார்ப்பதிலேயே தீர்ந்துபோனது. எந்த மாத்திரை கேட்கும் என்று தெரிய மரபணுச் சோதனை வேண்டும், அதற்கு மறுபடியும் சதை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். முதல் ஊசியில் நுரையீரலிலிருந்து காற்று கசிந்து, விலாவில் குழாயோடு கிடந்தவள் அவள். இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள்.

நூல் துணுக்கு போல மூன்று துண்டுகள் கிடைத்தன. ஃபார்மலின் ஊற்றிய சின்ன பாட்டிலில் போட்டுத் தந்தார்கள். அக்காவை அசையாமல் படுக்கச் சொல்லியிருந்ததால் நான் அவளோடு இருந்தேன். அவள் கணவர், என் மாமா, பாட்டிலோடு நகரின் தெற்கே இருந்த பரிசோதனைக்கூடத்துக்குக் கிளம்பினார். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுபவர். கொளுத்தும் வெயில்.

மாலையில் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஒரு பெண் என் செல்போனுக்குப் பேசினார். சதையை எதில் போட்டு அனுப்பினீர்கள் என்று கேட்டார். ஃபார்மலினில் என்றேன். இங்கே தண்ணீரில் கிடக்கிறது என்றார். பிறகு மாமா பேசினார்.

"மருந்து நாத்தம் மூக்கத் தொளைச்சிது மச்சான். வெயில்ல கறி கெட்டுப்பூடுமேன்னு அத்த கீய ஊத்திட்டு, ஐஸ ஒடச்சிப் போட்டு எட்தாந்தேன்."

கெடாமல் காப்பதே அந்த மருந்துதான். ஐஸ் உருகிய தண்ணீரில் செல்கள் ஊதி வெடித்துவிடும் என்றார் அந்தப் பெண். மெழுகில் பதித்துச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகே எதுவும் சொல்ல முடியுமாம்.

அக்கா கேட்டதால் சொன்னேன்.

"என்னிய இன்னா வஞ்சிர மீனுன்னு நெனச்சிகினாரா?" சிரித்தவள் வலியில் விலாவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பினாள். "இன்னொரு ஊசின்னா நான் வர மாட்டேன்."

அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகும் மாமா கடலுக்குப் போகவில்லை. அவள் இருந்த அறைக்குள்ளும் வரவில்லை. பரிசோதனைக்கூடத்திலிருந்து அழைப்பு வந்ததும் மாமாவும் நானும் போனோம். இரண்டு துண்டுகள் பாழ் என்றார் அங்கிருந்த டாக்டர். மூன்றாவது, மருந்தைக் கொட்டியபோது மூடியின் உட்புறம் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் படாமல் தப்பியிருந்தது. அதில் சோதனைக்குப் போதுமான செல்கள் இருந்தன. மாத்திரை கேட்குமா என்பது தெரிய இன்னும் சில நாள் ஆகும்.

மாமா ஒன்றுதான் கேட்டார்: "திரும்பக் குத்த வோணாமே, சார்?"

வேண்டாம் என்றார் டாக்டர்.

ரயிலில் திருவொற்றியூர் வந்து வீட்டுக்கு நடந்தோம். வாசலில் எங்களைக் கண்ட அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊசி இல்லடி" என்றார்.

அவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.