ஜாஸ்மின் நிரப்ப மறுத்த நாற்பது படிவங்கள்

இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுகளை நான் தொழிற்சாலை வாசலில் நிற்கவிட்டதில்லை. மறைமலை நகரில் பதினான்கு வருஷம் சங்க வேலை பார்த்தேன். சம்பள நாளன்று கேட்டுக்கு வெளியே பையோடு நிற்கும் ஏஜென்ட்டுகளைத் துரத்துவதும் அந்த வேலையில் ஒரு பகுதி. ஜாஸ்மினையும் இரண்டு முறை துரத்தியிருக்கிறேன். அந்த ஜாஸ்மினுக்குத்தான் நானும், பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் அறுபத்திரண்டு தொழிலாளிகளும் கடமைப்பட்டிருக்கிறோம். வாயால் நன்றி சொன்னது போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜாஸ்மின் வடக்குப்பட்டுக்காரர். அப்பா கல் குவாரியில் லோடு ஏற்றியவர். இவர் தபால் வழியில் பி.காம். முடித்து, தாம்பரத்தில் ஒரு ஆடிட்டரிடம் நான்கு வருஷம் குமாஸ்தாவாக இருந்தார். குழந்தை பிறந்த பிறகு தினம் ரயிலேறிப் போய்வர முடியவில்லை. வேலையை விட்டார். வீட்டுக்காரர் லாரி டிரைவர். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இன்சூரன்ஸ் ஏஜென்சி எடுத்துக்கொண்டு, சைக்கிளில் ஒரகடம், வடக்குப்பட்டு, சிங்கப்பெருமாள் கோயில் என்று சுற்ற ஆரம்பித்தார். "எவன் எப்ப சாவான்னு கணக்குப் பாத்துகினு வர்றா பாரு" என்று டீக்கடையில் அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் நிறுத்தி, இறங்கி, "உனக்கு இன்னும் நாப்பது வருஷம் கீதுண்ணா, மெதுவா டீயைக் குடி" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஏஜென்ட்டுகளுக்கு ஒரு விதி உண்டு. வருஷத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு பேருக்குப் பாலிசி போட வேண்டும். போடாவிட்டால் ஏஜென்சி போய்விடும். பழைய பாலிசிகளிலிருந்து வந்துகொண்டிருக்கும் கமிஷனும் அதோடு நின்றுவிடும். ஜாஸ்மினுக்கு வருஷக் கணக்கு மார்ச் கடைசியில் முடியும். 1991 மார்ச் இருபத்தாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அவர் கையில் இருந்தது பத்து பேர். இன்னும் இரண்டு பேர் வேண்டும். மாதத்தின் கடைசி நாள் ஞாயிறு. ஆகவே செங்கல்பட்டு ஆபீஸ் கவுன்ட்டர் சனிக்கிழமை ஐந்து மணியோடு மூடிவிடும். இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது.

எங்கள் சங்கதிக்கு வருகிறேன். பிப்ரவரியில் சம்பள ஒப்பந்தம் போட்டோம். மூன்று வருஷ இழுபறி. முடிவில், மூன்று வருஷப் பாக்கியும் ஒரே தவணையாக மார்ச் சம்பளத்தோடு தரப்படும் என்று எழுதி வாங்கினோம். "ஒரே தவணை" என்ற அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு நாள் மேஜையை விட்டு எழாமல் பேசினேன். அதுவே வினையாக வந்தது. வருமான வரி என்பது அதிகாரிகளின் கவலை என்று நினைத்திருந்தவர்கள் நாங்கள். மூன்று வருஷப் பாக்கி ஒரே வருஷத்தில் விழுந்ததும், வாழ்நாளில் வரி கட்டாதவனெல்லாம் வரி கட்டுகிற ஆளாகிவிட்டான்.

முதலில் செய்தி கொண்டுவந்தவர் எல்லப்பன். லேத் ஆபரேட்டர், ஜாஸ்மினின் ஊர்க்காரர். ஓடு போடுவதற்காக வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு, அந்தப் பணத்துக்காகக் காத்திருந்தவர்.

"தலைவரே, ரெண்டாயிரத்து நூறு ரூபா புடிக்கிறானாம். என் ஒரு மாச சம்பளம் அது. நீ எனக்கு வாங்கிக் குடுத்தியா, கவர்மென்ட்டுக்கு வசூல் பண்ணிக் குடுத்தியா?"

எனக்கு ரோஷம் வந்தது. ரோஷம் வந்தால் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் நோட்டீஸ். யாரோ சொன்னதைக் கேட்டு, அன்று மாலையே ரோஸ் தாளில் அடித்தேன்: "தோழர்களே! வரி என்னும் வழிப்பறியை முறியடிப்போம்! மார்ச் 31க்குள் பாலிசி எடுப்போம்! கட்டும் தொகை முழுவதும் வருமானத்தில் கழியும்!" நாற்பது பேர் பெயர் கொடுத்தார்கள். துரத்திய ஜாஸ்மினை நானே ஆளனுப்பிக் கூப்பிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஷிப்ட் விடும் நேரத்துக்கு வந்தார். பையில் நாற்பது படிவங்கள். சங்க அறை வாசலில் நாற்பது பேரும் வரிசையில் நின்றார்கள். சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை அவர் நின்று இரண்டு முறை படித்தார்.

"அண்ணே, இதை யாரு எழுதினது?"

"நாந்தான். இன்னா அதுக்கு?"

"இது போன வருஷத்து சட்டம்ண்ணே. இந்த வருஷம் மாத்திட்டாங்க. கட்டுற காசை இப்ப வருமானத்துல கழிக்க மாட்டாங்க. வரியில நூத்துக்கு இருவது ரூபா தள்ளுபடி, அவ்ளோதான்."

பிறகு வரிசையின் முன்னால் நின்ற எல்லப்பனிடம் திரும்பினார்.

"ரெண்டாயிரத்து நூறு மிச்சம் பண்ணணும்னா நீ பத்தாயிரத்து ஐநூறு கட்டணும்ண்ணா. வர்ற வருஷமும் கட்டணும், அதுக்கப்புறமும் கட்டணும். மூணு வருஷத்துக்குள்ள நிறுத்தினா கட்டினது பூரா போச்சு. உன் சம்பளத்துல முடியுமா?"

"இன்னாம்மா, யாவாரத்துக்கு வந்துட்டு யாவாரத்தையே கெடுத்துக்கிற?" என்றார் எல்லப்பன்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப இன்னாத்துக்குப் பையைத் தூக்கினு வந்தே?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜாஸ்மின் சிரிக்கவில்லை.

"கூப்பிட்டாரு, வந்தேன். இதைச் சொல்லாம கையெழுத்து வாங்கினா, நாளைக்கு உங்க வூட்டுத் தெருவுல நான் சைக்கிள் ஓட்ட முடியுமா?"

நான் நடுவில் புகுந்தேன். "அப்ப வரியைக் கட்டிட்டுச் சும்மா இருன்றியா?"

"ஒரு பைசா கட்ட வேணாம்னு சொல்றேன். பழைய பாக்கி மொத்தமா வந்தா, அதை அந்தந்த வருஷத்துக் கூலியோட சேத்துக் கணக்குப் பாக்கணும். அப்ப என்ன வரி வருமோ அதை மட்டும்தான் புடிக்கலாம். சட்டத்துலயே கீது. ஆடிட்டர் ஆபீஸ்ல நானே போட்டிருக்கேன். அந்தந்த வருஷத்துல உங்களுக்கு வரி ஏது? உங்க அக்கவுன்ட்ஸ் ஆபீசர்கிட்ட கூட்டினு போங்க."

நிரப்பாத நாற்பது படிவங்களையும் தட்டிச் சமமாக்கிப் பையில் வைத்தார். அந்த நாற்பதில் இரண்டு போதும் அவருக்கு. அந்த நிமிஷத்தில் அதை அறிந்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

அக்கவுன்ட்ஸ் ஆபீசர் கோபால் கெட்டவர் அல்ல. காகிதத்துக்குப் பயந்தவர். ஜாஸ்மின் கொண்டுபோன சட்டப் புத்தகத்தை மூக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தார்.

"சட்டம் இருக்கும்மா. யார் இல்லேன்னா? அறுபத்திரண்டு பேருக்கு ஒவ்வொரு வருஷமா யார் கணக்குப் போடுறது? எங்கிட்ட ரெண்டு கிளார்க். ஒருத்தன் லீவு. சம்பளப் பட்டியல் சனிக்கிழமை மத்தியானம் மெட்ராஸ் போகணும்."

"நான் போட்டுத் தர்றேன் சார். நீங்க சரிபார்த்துக் கையெழுத்து போட்டா போதும்."

"நீயா? ரெஜிஸ்டரை வெளியாள் கையில குடுக்க மாட்டேன்."

அங்கேதான் நான் ஏதோ ஒரு பிரயோஜனத்துக்கு வந்தேன். சம்பள உயர்வு கேட்டு வழக்காடியபோது, கூலி எவ்வளவு குறைவு என்று காட்ட ஒவ்வொருவரின் சம்பளச் சீட்டையும் மாதாமாதம் வாங்கிச் சேர்த்திருந்தேன். திருப்பிக் கொடுக்கச் சோம்பல். எல்லாம் சங்க அறையில் ஒரு கோணிப்பையில் கிடந்தன.

புதன் காலை ஜாஸ்மின் அந்தப் பையைத் தரையில் கொட்டினார். ஆளுக்கு ஒரு தாள். சீட்டுகளை ஆள்வாரியாகப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. கூட்டுவது அவர் வேலை. மெஷின் கிடையாது, மனக்கணக்கு, பிறகு பேனா. எலி கடித்த சீட்டு, டீ கொட்டிய சீட்டு எல்லாம் வந்தன. ஒருவர் தன் சீட்டின் பின்னால் சீட்டாட்டப் புள்ளி எழுதியிருந்தார். "இவரு சம்பளத்தைவிட இதுல நல்லா எடுத்திருக்காரு" என்றார் ஜாஸ்மின்.

வியாழன் மதியம் எல்லப்பன் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"தலைவரே, அந்தப் பொண்ணுக்கு இன்னும் ரெண்டு பேர் கொறையுதாம். சனிக்கிழமைக்குள்ள புடிக்கலன்னா ஏஜென்சி காலி. ஒரகடம் வாத்தியாரு ஒருத்தர் போடறேன்னு சொல்லி வெச்சிருந்தாராம். இது இங்க குந்திகினு கீதா, நேத்து வேற ஏஜென்ட் போய் அவரை மடக்கிட்டான். ஊரே பேசுது, உனக்குத் தெரியாதா?"

உள்ளே வந்து கேட்டேன். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க அந்த நாப்பது பேரையும் திரும்ப வரிசையில நிக்க வெச்சிருப்பீங்க. உங்களைத் தெரியாதாண்ணே எனக்கு?"

உண்மை. அப்படித்தான் செய்திருப்பேன். அதற்குள் எல்லப்பன் உள்ளே வந்துவிட்டார்.

"என் பேர்ல ஒண்ணு போடும்மா. தங்கச்சிக்கோசரம்."

"அடுத்த வருஷம் கட்டுவியா?"

எல்லப்பன் குனிந்து, தரையில் கிடந்த ஒரு சம்பளச் சீட்டை எடுத்துப் புரட்டினார்.

"கூரைக்கு ஓடு போடுண்ணா முதல்ல. மழை உன் தலையில பேஞ்சா நான் வந்து புடிக்க முடியாது. அந்தச் சீட்டை இப்படிக் குடு."

மறுநாள் புனித வெள்ளி. வர மாட்டார் என்று நினைத்தேன். கோயிலில் மும்மணி ஆராதனை முடிந்து, வெள்ளைச் சேலையோடு, நாலரை மணிக்கு வந்து உட்கார்ந்தார். இன்னும் பதினேழு பேர் பாக்கி. பகலெல்லாம் பட்டினி என்று பிறகுதான் தெரிந்தது. பதினேழையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அறுபத்திரண்டு தாள்களும் கோபால் மேஜையில் இருந்தன. அவர் ரெஜிஸ்டரை எடுத்துவைத்துக்கொண்டு, எழுந்தமானமாக எட்டுப் பேரை உருவிச் சரிபார்த்தார். ஒன்றில் ஒரு மாத ஓவர்டைம் கூலி விட்டுப்போயிருந்தது. ஜாஸ்மின் அங்கேயே திருத்தினார். விடை மாறவில்லை. ஐம்பத்தொன்பது பேருக்கு வரி இல்லை. மூன்று பேருக்கு மட்டும் நூறு ரூபாய்க்குள். கோபால் மூடியைத் திருகிப் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து விழுவதை நான் நின்று எண்ணினேன்.

கடைசிக் கையெழுத்து ஆனதும் ஜாஸ்மின் கேட்டார்: "சார், தப்பா நினைக்காதீங்க. இவங்களுக்கெல்லாம் பாலிசி தேவையில்லை. உங்களுக்குத் தேவை. உங்க சம்பளத்துக்கு நிஜமாவே வரி வருது. பசங்க ரெண்டு பேர்னு சொன்னீங்க. வேற ஏதாவது போட்டிருக்கீங்களா?"

கோபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மச்சினன் ஒருத்தன் ஏஜென்ட்டா இருக்கான். மூணு வருஷமா வர்றேன் வர்றேன்னுட்டு இருக்கான்."

"அவரு வர்றப்ப வரட்டும் சார். வருஷம் இன்னிக்கு முடியுது. மூவாயிரம் கட்டினா அறுநூறு ரூபா வரி குறையும். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் ஒரு தடவை தாள்களைப் பார்த்தார், ஒரு தடவை ஜாஸ்மினைப் பார்த்தார். செக் புத்தகத்தை எடுத்தார்.

பதினொன்றாவது ஆள். மணி ஒன்று.

சங்க அறைக்குத் திரும்பினோம். என் மனைவி கிளியம்மாள் எங்கள் இருவருக்கும் சோறு கொண்டுவந்து காத்திருந்தாள். அவள் அரசு சுகாதார நிலையத்தில் ஆயா. அவள் சம்பளத்தில்தான் பதினான்கு வருஷமாக எங்கள் வீடு நடந்தது. நான் நடந்ததைச் சொல்லி, இன்னும் ஒரு ஆள் என்றேன்.

"யாரோ எவரோன்னு ஊரெல்லாம் தேடறியே, வூட்டுல சம்பாதிக்கிறவ ஒருத்தி இருக்கறது கண்ணுக்குத் தெரியலியா?" என்றாள். என்னைத்தான்.

ஜாஸ்மின் தயங்கினார். "அண்ணி, எனக்காகன்னு போடாதீங்க. எல்லப்பண்ணனையே வேணாம்னுட்டேன்."

"உனக்காக ஒண்ணுமில்ல. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் பொண்ணு கதி இன்னா? இந்த மனுசன்கிட்ட நோட்டீசு தவிர வேற ஆஸ்தி இருக்குதா? மூணு மாசத்துக்கு ஒருக்கா கட்டினா எவ்ளோ, சொல்லு. மாசாமாசம் எடுத்து வெக்கிறேன். ரொம்ப நாளா நெனச்சுகினு கீறேன், கேக்க ஆள் இல்ல."

ஜாஸ்மின் வயது கேட்டார், சம்பளம் கேட்டார், நோய்நொடி கேட்டார். கட்ட முடிகிற அளவு எது என்று இருவரும் பேசி ஒரு சின்னத் தொகைக்கு வந்தார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கடைசியாக வாரிசு யார் என்ற இடம் வந்தது.

"அண்ணன் பேரா, அண்ணி?"

"ஐயோ வேணாம்! பொண்ணு பேரை எழுது. இவரு கைக்குப் போனா மறுநாளே சங்கக் கட்டிட நிதிக்கு ரசீது போட்டுடுவாரு."

ஜாஸ்மின் சிரித்ததை அந்த வாரத்தில் அப்போதுதான் பார்த்தேன். சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளியம்மாள் வீட்டுக்கு ஓடி, பள்ளிக்கூடச் சான்றிதழும் பணமும் எடுத்து வந்தாள். இரண்டு பெண்களும் மூன்று மணி பஸ்ஸில் செங்கல்பட்டுக்கு ஏறினார்கள். நானும் ஏறினேன். கவுன்ட்டரில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தபோது நாலே முக்கால். கிளார்க் இரண்டு படிவங்களையும் புரட்டி, செக்கையும் பணத்தையும் பார்த்து, ரசீதில் முத்திரை குத்தினார்.

"பன்னெண்டு ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"ஆயிடுச்சு சார்."

ஏப்ரல் ஆறாம் தேதி சம்பளம் வந்தது. எல்லப்பன் கவரைக் கிழித்து கேட்டிலேயே எண்ணினார். பிடித்தம் இல்லை. அந்த மாதப் பொதுக்கூட்டத்தில் ஜாஸ்மினுக்கு நன்றித் தீர்மானம் போட்டோம். அறுபத்திரண்டு கையும் உயர்ந்தன. வரச் சொல்லி ஆளனுப்பியிருந்தேன். போன ஆள் தனியாகத் திரும்பி வந்தார்.

"வடக்குப்பட்டுல ஒரு வூட்டுத் திண்ணையில குந்திகினு யாருக்கோ படிவம் எழுதிகினு கீது தலைவரே. புது வருஷக் கணக்குல இது முதல் ஆளாம். கட்ட முடியுமான்னு மூணாவது தபா கேட்டுகினு இருந்துச்சு. அந்த ஆளே கடுப்பாயிட்டான்."