பனியில் சேஃப்டி ஷூ

“பனியில சறுக்கப் போறியா? மழை பேஞ்சா வல்லம் வடகால் ரோட்டையே தாண்ட மாட்டியே!” என்று சிரித்தார் எங்கள் தொழிற்சாலை சூப்பர்வைசர். குடும்பத்தில் முதலில் படித்தவள் நான், விடுவேனா?

அதற்கு முந்தைய கோடையில் தொழிற்சாலை சேஃப்டி ஷூவோடுதான் இமாச்சல மணாலியைச் சுற்றிவந்தேன். அந்தத் தைரியத்தில் ஜனவரியிலும் அதையே போட்டுக்கொண்டு அங்கே பனியில் சறுக்கப் போனேன். சிறிது நேரத்தில் கால் மரத்தது. கழற்றினால், விரல்கள் மெழுகாய் வெளுத்திருந்தன. கிள்ளினேன், வலிக்கவே இல்லை.

“ஏட்டி, விரலு போயிருமோ?” என்று உடன் வந்த தூத்துக்குடித் தோழி செல்வி அழுதாள். பனிக்காலணி வாடகைக்கு விடும் பெண் ஓடிவந்து, என் பாதங்களை வெதுவெதுப்பான நீரில் வைத்தார். ஷூ முனையைத் தட்டிக் காட்டினார். விரலைக் காக்க வைத்த இரும்புதான் குளிரை உள்ளே இழுத்திருக்கிறது! நீருக்குள் விரல்கள் சுருக்கென்று வலித்தபோதுதான் எனக்கு உயிரே வந்தது.

அக்டோபரில் அம்மாவையும் அழைத்துப் போகிறேன். அந்தப் பெண்ணிடம் போனில் கேட்டு, அந்த மாதத்துக்கு ஏற்ற காலணி இருவருக்கும் வாங்கிவிட்டேன்.