மூன்று கிண்ணம் ஊலோங்

1. மலேசியாவின் செகிஞ்சானில் ஒரு சீனர் கடையில் பூ மணம், பால் மணம், வறுத்தது என மூன்று வகை ஊலோங் தேநீர் வாங்கி, ஒப்பிட்டுக் குறிப்பெழுத உட்கார்ந்தேன்.
2. பக்கத்து மேசைக்காரரும் அதே மூன்றை வாங்கி ஆறவிட்டிருந்தார்.
3. கண்களை மூடிக்கொண்டு, “தங்கச்சி, கிண்ணத்த இடம் மாத்தி வைம்மா” என்றார். மாற்றினேன்.

அவர் முன்கையெங்கும் எண்ணெய் தெறித்த தழும்புகள். கல்யாணச் சமையல்காரராம். காய்ச்சலுக்குப் பிறகு வாசனையே தெரியவில்லை; தேநீரை முகர்ந்து மூக்கைப் பழக்குகிறாராம். போன விருந்தில் தாளிப்பு கருகியதை மற்றவர்கள்தான் சொன்னார்கள்.

“மசாலாவை மோந்து பார்த்துப் பழகலாமே, அண்ணே?”

“மொளகு, மொளகா மூக்குல எரியும். அத வச்சே சொல்லிருவேன். இதுல ஏமாத்த முடியாது லா.”

ஒவ்வொரு கிண்ணத்தையும் மும்முறை முகர்ந்தார், குடிக்கவில்லை. பூ மணமுள்ளதற்கும் பால் மணமுள்ளதற்கும் உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் நிமிர்ந்தார்.

“இது வறுத்ததுதானே? அடிப்பிடிச்ச சோறு மாதிரி இருக்கு.”

“சரிதான். ஆனா மூணுல ஒண்ணு குருட்டாம்போக்குலயும் சரியா வரும், அண்ணே.”

“என்னா நீ, பரீட்ச வாத்தியாரா? சரி, திரும்ப மாத்து.”

இன்னும் நான்கு முறை மாற்றினேன். நான்கு முறையும் வறுத்ததைச் சரியாகத் தொட்டார்.

என் குறிப்பேட்டில் வறுத்த ஊலோங்குக்கு எதிரே அவர் சொன்ன அடிப்பிடித்த சோறுதான் இருக்கிறது. அன்றைய நிலவரம்: பூவும் பாலும் அவருக்கு இன்னும் வெறும் தண்ணீர்தான். கருகினால் தெரியும்.