‘அதுக்கு முன்னாடி?’ என்று கேட்டவர்

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல்மாடியில் கூடும் எங்கள் தியானக் குழு, சென்ற ஞாயிறு அரைமணி நேர விவாதத்துக்குப் பின், மின்விசிறியை மூன்றாம் எண்ணிலிருந்து இரண்டுக்குக் குறைப்பதென ஏகமனதாகத் தீர்மானித்தது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்களும் குறிக்கப்பட்டன. இதை எப்போதும் எதிர்க்கும் தனலெட்சுமி அக்கா ஏன் இன்னும் வரவில்லை என்று யாரோ கேட்டபோதுதான் கிள்ளானிலிருந்து அவர் மகள் அழைத்தார். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

அவர் முப்பது ஆண்டுகள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். சத்தியம் செய்துவிட்டுப் பேசியவர்களின் சொற்களைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுபோனவர். “பொய் சொன்னவங்க கொஞ்சம் பேருதான். உறுதியா தப்பு சொன்னவங்கதான் நிறைய,” என்பார். அந்த உறுதி தன்னிடம் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கத்தான் ஓய்வுபெற்றபின் தியானத்துக்கு வந்தார்.

கண்ணை மூடும் முன் ஒவ்வொருவரும் தமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த வழக்கம். பிறகு அது நாம் பார்த்ததா, கேட்டதா, நாமாக முடிவுசெய்ததா என்று இருபது நிமிடம் மூச்சோடு சேர்த்துக் கவனிக்க வேண்டும். அதை விட்டுவிட வேண்டியதில்லை. “கையில வெச்சிருங்க. இறுக்கிப் பிடிக்காதீங்க.”

பக்கத்து வீட்டு அங்கிள் சிரிக்கவே மாட்டார் என்பது அவருடைய சொந்த உண்மைகளில் ஒன்று. ஒன்பது ஆண்டுகள் அதைக் காப்பாற்றினார். ஒரு ஞாயிறு வந்து திருத்தம் சொன்னார்: “பாசார்ல பாத்தேன். மீன்காரர்கிட்ட வயிறு குலுங்க சிரிக்கிறாரு. என்னப் பாத்தா மட்டும்தான் சிரிக்க மாட்டேங்கிறாரு போல.” அதில் அவருக்கு வருத்தம் இல்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆவல். வடை கொண்டுபோய்க் கொடுத்தும் பார்த்தார். காரணம் கடைசிவரை தெரியவில்லை.

என் முறை வந்தபோது நான் சொன்னது இது: அப்பாவின் கடைசி நாளில் என் தம்பி ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அதனால் பதினோரு ஆண்டுகளாக நாங்கள் பேசுவதில்லை. இரண்டையும் திருத்தமான உச்சரிப்போடு சொன்னேன்.

“நீங்க எப்பலேருந்து அங்க இருந்தீங்க?” என்றார் அக்கா.

“காலையில ஏழு மணி. செராஸ்லேருந்து நேரா போனேன். மத்தியானம் அப்பா போற வரைக்கும் நகரல.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி யாரு வருவாக்கா?”

“எனக்கும் தெரியாதுலா. தெரிஞ்சுக்கலாமேன்னு கேட்டேன்.”

மூன்று வாரம் நான் குழுவுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். திரும்பி வந்தபோது அக்கா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காய்ச்சல் பார்த்ததா, கேட்டதா என்றும் விசாரிக்கவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். அக்காவின் தகனம் முடிந்த மறுநாள் தம்பியை அழைத்து அதைக் கேட்டேன். அன்று காலை ஆறு மணிக்கே வந்து, அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டு, சுங்கை வேயில் தொழிற்சாலை வேலைக்குப் போனதாகச் சொன்னான். மத்தியானம் செய்தி அங்கேதான் கிடைத்ததாம். ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்றேன்.

“நீங்க கேக்கலயேண்ணே.”

ஏழு மணிக்கு நான் போனபோது அப்பாவின் முகம் மழிக்கப்பட்டிருந்தது.