அஞ்சம்மாளின் கண்ணைத் திறந்த கடை

ஷார்ஜாவில் போட்டோ எடுக்கப் போனால் சிரிக்கச் சொல்கிறார்கள். எங்கள் நன்னிலம் பக்கம் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததுமே முகத்தை இறுக்கிக்கொள்வோம். பல் தெரிந்தால் மரியாதை போச்சு. கம்பெனி அடையாள அட்டைக்குப் படம் எடுத்த பிலிப்பைன்காரப் பெண், "ஸ்மைல், பாபா" என்று என்னிடம் கெஞ்சாத குறைதான். வயசானவர்களை அங்கே பாபா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளிடம்தான் பிற்பாடு என் மனைவி அஞ்சம்மாளின் படத்தைக் கொண்டுபோனேன். ஊரில் வீட்டிலிருந்த பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. "கல்யாணத்தன்னைக்கு அம்மா படத்துக்கு முன்னாடி விழுந்து கும்புடணும்ப்பா. மொகத்த மட்டும் நல்லா எடுத்து அனுப்புங்க" என்று மகள் வளர்மதி போனில் சொல்லியிருந்தாள். எனக்குத் தபாலில் வந்த பிரதி பெட்டியில், வேட்டிகளுக்கு அடியில், கறையும் மடிப்புமாகக் கிடந்தது.

அது அவள் இறந்த அன்று எடுத்த படம். வேறு படம் கிடையாது. நான் விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம், நடவு முடிந்த கையோடு, "நன்னிலம் போயி ரெண்டு பேருமா ஒரு போட்டோ புடிச்சிக்கலாமா?" என்று கேட்டாள். "சும்மா இரு. நான் என்ன சாகவா போறேன்? அடுத்த தடவ வரப்ப பாத்துக்கலாம்" என்றேன். மூன்றாம் வருஷம் அவள் போய்விட்டாள். லீவு கேட்டேன், ஃபோர்மேன் முடியாது என்றான். இரண்டாம் முறை நான் கேட்கவில்லை. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கட்டியவன் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தவளை எங்கள் பக்கம் மணப்பெண் மாதிரி சிங்காரிப்பார்கள். கூறைப்புடவை, தலை நிறையப் பூ, பெரிய பொட்டு. நாற்காலியில் உட்கார்த்தி, உறவெல்லாம் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

பிலிப்பைன்காரப் பெண் படத்தை உற்றுப் பார்த்தாள். "யுவர் வெட்டிங், பாபா?"

'நோ' என்ற ஒரு சொல் போதும். பள்ளிக்கூடம் போகாத எனக்கும் அது தெரியும். நான் ஆமென்று தலையாட்டினேன்.

நாலு நாள் கழித்துப் போனேன். கம்ப்யூட்டரில் கறை இல்லை, மடிப்பு இல்லை. நாடியைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைக் காணோம். யாருடைய கண்களையோ வைத்து அஞ்சம்மாளின் கண்களைத் திறந்திருந்தாள். சுற்றி நின்று அழுதவர்களை அழித்துவிட்டு, பக்கத்தில் என்னை நிறுத்தியிருந்தாள். அடையாள அட்டைக்கு எடுத்த என் முகம், யாரோ ஒருவனுடைய கோட்டு. "சர்ப்ரைஸ், பாபா!" என்று கை தட்டினாள்.

படத்திலிருந்து என்னை எடுத்துவிடச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. அப்படியே பிரதி போட்டு வாங்கி, ஊருக்குப் போகிறவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

"அம்மாவத்தானே கேட்டேன்" என்று போனில் அழுதாள் வளர்மதி. "நீங்க எங்கப்பா வந்தீங்க? அங்க நின்னது நானு. அம்மா தல சாயாம புடிச்சிக்கிட்டு நின்னேன். என்னையே அழிச்சிட்டீங்களே."

கல்யாணத்துக்கு லீவு கிடைத்தது. கூடத்தில், குறுகலான சட்டத்துக்குள் அஞ்சம்மாள் மட்டும் இருந்தாள். மாலை போட்டு, வளர்மதி விழுந்து கும்பிட்டாள். சாப்பாட்டுப் பந்திக்கு எல்லோரும் போன பிறகு படத்தைக் கழற்றி, பின் அட்டையை விலக்கினேன். வளர்மதி என்னை வெட்டவில்லை, படத்தை நடுவில் மடித்திருந்தாள். என் பாதி பின்பக்கமாக, அந்தக் கோட்டோடு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அட்டையை மறுபடி மூடி, மாலை கலையாமல் மாட்டிவிட்டுப் பந்திக்குப் போனேன்.